உறுமிக்காரரின் பெயர் என்ன, மருமகனே?

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் உன் அம்மா தொலைபேசியில் அரை மணி நேரம் அழுதாள். கோலாலம்பூரில் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, இனி முழு நேரமும் டிஜே, பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை) தயாரிப்பு என்று இறங்கப் போகிறாயாம். மாமா சொன்னால் கேட்பாயாம். இருபது வருடத்துக்கு முன்னால் இதே பைத்தியம் எனக்கும் பிடித்திருந்ததை அக்காள் மறந்தே போனாள் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ படிக்க மாட்டாய். அதனால் இங்கேயே எழுதுகிறேன். உன் கூட்டாளிகளும் படிக்கட்டும்.

வேலையை விடாதே என்று சொல்ல வரவில்லை. உன் புதுப் பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூன்று முறை கேட்டேன். தைப்பூசத்தன்று இங்கே பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நீ கைப்பேசியில் பிடித்த உறுமியை நான்கு நொடிக்கு நறுக்கி, வேகத்தைக் குறைத்து, அடியில் கனமான பேஸ் ஒலி கொடுத்திருக்கிறாய். வளைந்த குச்சி தோலை உரசும்போது எழுகிற விம்மல் இருக்கிறதே, அது கெடாமல் வந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது. பிறகு கீழே இருந்த பெயர்களைப் படித்தேன். இசை நீ, ஒலிக்கலவை நீ. அட்டைப்படம் வரைந்த பிள்ளையின் பெயர்கூட இருக்கிறது. உறுமி அடித்தவரின் பெயரைத்தான் காணோம்.

இது இந்தத் தொழிலின் பிறவிக் கோளாறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தன் தங்கை நடத்திய விருந்துக்குக் கூல் ஹெர்க் என்ற டிஜே இசைத்தட்டு போட்டார். ஹிப்-ஹாப்புக்கு அன்றிலிருந்துதான் வயது எண்ணுகிறார்கள். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் தனியே ஒலிக்கிற இடத்தில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில், அதாவது தட்டு சுழற்றும் கருவிகளில், வைத்து அந்தச் சில நொடிகளை இழுத்துக்கொண்டே போனார். அவரேதான், எந்தத் தட்டு என்று போட்டிக்காரர்களுக்குத் தெரியக் கூடாதென்று, நடுவில் ஒட்டிய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுப்பார். தொழில் ரகசியம்; குறை சொல்ல மாட்டேன். லேபிள் இருந்திருந்தாலும் மேளக்காரர் பெயர் அதில் இருந்திருக்காது என்பது வேறு கதை.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்று தேடிப் பார். 1969இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் அவர் அடித்த சில நொடி டிரம், பிற்பாடு நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாடல்களுக்கு முதுகெலும்பானது. பாடலை உருவாக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகவே உரிமைத்தொகையும் அவரிடம் வந்து சேரவில்லை. 2017இல் காலமானார். அனுமதியில்லாமல் பிறர் பாட்டின் துண்டை எடுத்துப் போட்டதற்காக ராப் பாடகர் பிஸ் மார்கி மீது நடந்த வழக்கில் 1991இல் வந்த தீர்ப்பு, திருடாதே என்கிற பைபிள் கட்டளையோடுதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் எழுத்தில் அனுமதி கேட்கப் பழகின. ஆனால் அனுமதிப் பணம் போவது பாட்டின் உரிமையாளருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும். குச்சி பிடித்தவன் வெளியேதான் நிற்கிறான்.

கைவேலையில் அந்தத் தலைமுறையை மிஞ்ச முடியாது, அதையும் சொல்ல வேண்டும். 1987இல் வந்த, ஒலித்துண்டுகளைப் பிடித்துத் தாளம் கட்டுகிற எஸ்பி-1200 கருவியில் மொத்தமே 10 நொடிதான் ஒலி பிடிக்கலாம். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டுப் பிடிப்பார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். இடமும் மிச்சம், இலவசமாக ஒரு சொரசொரப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். உன் மடிக்கணினியில் அந்தச் சொரசொரப்புக்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. சிரிப்புத்தான் வருகிறது.

இது நிலைக்கிற தொழிலா என்று உன் அம்மா கேட்டால் டிஜே பிரீமியரைக் காட்டு. அவரும் ராப் பாடகர் குருவும் சேர்ந்த கேங் ஸ்டார் இணையின் முதல் ஆல்பம் 1989இல் வந்தது. குரு 2010இல் இறந்தார். அவர் விட்டுப்போன குரல் பதிவுகளை வைத்துப் பிரீமியர் 2019இல் இன்னோர் ஆல்பம் முடித்தார். இறந்த கூட்டாளியின் பெயரும் குரலும் அதில் முன்னால் நிற்கின்றன.

நம் ஊரில் மட்டும் என்ன? யோகி பி - நட்சத்ரா என்ற மலேசியத் தமிழ் ராப் குழு 2006இல் இளையராஜாவின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை எடுத்துப் புதிதாகக் கட்டியபோது, மூலம் யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். உன் உறுமிக்காரர் இளையராஜா இல்லையே. நீ சொன்னால்தான் உண்டு.

என் கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. 2004இல் ஒரு தமிழ் ஆல்பத்துக்கு ஆறு பீட் செய்து கொடுத்தேன், ஒன்றுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). குறுவட்டு கடைக்கு வந்த அன்று உன் பாட்டி லெபோ பசார் கடைத்தெரு வரை நடந்தே போய் வாங்கி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அட்டையைத் திருப்பினார். எங்கேடா உன் பெயர் என்றார். இசை என்ற இடத்தில் ஸ்டூடியோ முதலாளியின் பெயர் இருந்தது. அச்சுப் பிழை என்று பாட்டியிடம் சொன்னேன். பாதிப் பணம் இன்றுவரை வரவில்லை, அது போகட்டும். பாட்டி அந்தக் குறுவட்டை யாரிடமும் காட்டவில்லை.

இதை வைத்துப் பல வருடம் புலம்பினேன். உன் பாட்டைக் கேட்ட அன்றுதான் இன்னொன்று உறைத்தது. அந்த ஆறு பீட்டிலும் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரம் பேசி வாங்கிய பழைய தட்டுகளின் தவில் இருக்கிறது. அடித்தவர் யார் என்று ஒரு நாளும் நான் தேடவில்லை.

ஆகவே உனக்காக விசாரித்தேன். தண்ணீர் பந்தல்காரர் ஒருவர் வழியாகக் குழு தெரிந்தது. உன் ஆள் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மாலை பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலுக்குப் பின்னால் பையன்களுக்குப் பழக்குகிறார். பெயரை நான் சொல்ல மாட்டேன், நீயே கேள். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் வந்தால் பட்டர்வொர்த்திலேயே இறங்கலாம். நான் ஃபெரியில் வருகிறேன். நல்ல ஹெட்போன் எடுத்து வா. ஏழு உறுமி ஒன்றாக முழங்கும் கொட்டகையில் உன் மடிக்கணினி யார் காதிலும் விழாது.

உன் மாமா