இறக்கைமேல் மணல் மூட்டைகள்

இல்ஃபோர்டு, லண்டன்,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தீபாவளிக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மா குறைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் எல்லாம் பேசிவிட்டோம் என்று இருந்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. குளிர்காலம் என்பதால் வேலைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். மார்ச் பிறந்தால் பழையபடி ஆகிவிடும். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இல்ஃபோர்டு லேன் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியில் இன்னும் கால் டப்பா இருக்கிறது.

நீங்கள் கேட்டது வேறு. "அடுத்த வீட்டுக் கிழவர் மரத்தில் விமானம் கட்டுகிறார் என்கிறாயே, அதை நம்பி யார் ஏறுவது, அதற்கு யார் சான்று தருவது?" பட்டறைக்காரர் கேட்கிற கேள்வி. போனில் சொன்னால் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

மரத்தில் விமானம் இந்த ஊருக்குப் புதிதல்ல. இதே இல்ஃபோர்டில் ஜான் டெய்லர் என்பவர் வீட்டு அறைக்குள்ளேயே ஒரு ஆள் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 1959ல் அது பறந்தது. அதன் வரைபடத்தை வாங்கிப் பல நாடுகளில் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் கேட்ட அடுத்த வீட்டுக் கிழவர் கீத் கட்டுவது அவரே வரைந்த இரண்டு இருக்கை விமானம். இரண்டு ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 500 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பேச்சு குறைந்த மனிதர். அவர் கராஜில் ஒரு அலமாரி நிறைய ஜாம் பாட்டில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உடைந்த மரத்துண்டு, மேலே தேதி. அது என்ன என்று சொன்னால் பாதி விஷயம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

மரம் சிட்கா ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரம். கனம் குறைவு, ரேகை, அதாவது நார் ஓடும் வரி, நேராக இருக்கும். ரேகை சாய்ந்திருந்தால் 15 அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வந்த பலகையில் பாதிக்கு மேல் அவர் ஓரம் தள்ளிவிட்டார். ஆணி கிடையாது, ஒட்டுவதெல்லாம் எப்பாக்ஸி பசை, கலக்க வேண்டிய ரெசின், ஹார்ட்னர் இரண்டும் கன அளவில் சரிசமம். இங்கே குளிரில் அது தேன் மாதிரி கெட்டியாகி மரத்துக்குள் இறங்காது. அதனால் பசை போடும் நாளில் கராஜை 20 டிகிரிக்கு ஏற்றி, மரத்தையும் முதல் நாளே உள்ளே வைத்துவிட வேண்டும். வெளியே குளிர்ந்த பலகையை அப்படியே கொண்டுவந்தால் மேலே வியர்த்துவிடும், பசை பிடிக்காது. இன்னொரு தப்பு, கிளாம்பை இறுக்கித் தள்ளுவது. ஃபெவிகால் பழக்கத்தில் நானும் அப்படித்தான் இறுக்கினேன். இந்தப் பசைக்கு அது ஆகாது. பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் மூட்டு வறண்டுவிடும். (பசைக்காக ராத்திரி முழுக்க அங்கே ஹீட்டர் ஓடும். காய்கிறவரை நான் அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன். என் அறையிலும் ஹீட்டர் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.)

கலக்கும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து இரண்டு துண்டு மரத்தை ஒட்டி வைப்பார். நன்றாகக் காய்ந்த பிறகு அதை வைஸில் பிடித்து, உளியை மூட்டில் வைத்து ஒரே அடி. பிளந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மர நார் பிய்ந்து சிலும்பிக்கொண்டு நின்றால் பசை மரத்தைவிட வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் அந்தக் கிண்ணத்தில் ஒட்டியதெல்லாம் கழித்துக்கட்ட வேண்டியதுதான். ஜாம் பாட்டிலில் இருப்பது இந்தத் துண்டுகள்தான். புது வெல்டர் வந்தால் முதலில் ஒரு துண்டு வெல்டு வைக்கச் சொல்லி, வைஸில் பிடித்து வளைத்து உடைத்துப் பார்ப்பீர்களே, அதேதான்.

இனி பாரம். இறக்கைக்கு உத்திரம் மாதிரி நடுவில் ஓடுவது ஸ்பார். மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி, இரண்டு பக்கமும் பிளைவுட் அடைத்த பெட்டி. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல் பட்டி நசுங்கும், கீழ்ப் பட்டி இழுபடும். மரம் இழுவையைத் தாங்கும் அளவு நசுக்கலைத் தாங்காது. அதனால் மேல் பட்டி தடிமன். இந்த வகைச் சிறு விமானத்துக்கு விதி என்னவென்றால், தன் எடையின் 3.8 மடங்கு பாரம் வந்தாலும் நிரந்தரமாகக் கோணக் கூடாது. அதைப்போல ஒன்றரைப் பங்கு, அதாவது 5.7 மடங்கில், மூன்று விநாடி உடையாமல் நிற்க வேண்டும்.

பறக்கப்போகிற இறக்கையை 5.7 வரை கொண்டுபோகக் கூடாது. வெளியே தெரியாத காயம் உள்ளே தங்கிவிடும். அதற்கென்று ஒரு ஸ்பாரைத் தனியாகச் செய்து உடைத்தார். முதல் ஸ்பார் 5.2லேயே போய்விட்டது. உடைந்த இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், பட்டியின் குறுக்கே தலைமுடி போல ஒரு சுருக்கம் தெரிந்தது. நார் நசுங்கி மடிந்த கோடு. போல்ட் போகும் இடத்தில் பெட்டிக்குள் ஒரு கட்டை வைத்து ஒட்டுவார்கள். அந்தக் கட்டை எங்கே முடிகிறதோ, சரியாக அதன் ஓரத்தில் அந்தக் கோடு. கட்டையின் நுனியைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார். விறைப்பு சட்டென்று முடிகிற இடத்தில் பாரம் முழுக்கக் கூடிவிடுகிறது. ஷாஃப்டில் படி எடுக்கும்போது மூலையில் ரேடியஸ் விடாவிட்டால் அங்கேதான் முறியும் என்பீர்களே, அது மரத்துக்கும் பொருந்துகிறது. கட்டையின் இரண்டு நுனியையும் பத்துக்கு ஒன்று என்று சரிவாகச் சீவி அடுத்த ஸ்பார் செய்தார். அது 5.7ஐத் தாங்கியது. அதற்கு மேலும் ஏற்றி, 6.3ல்தான் உடைத்தோம்.

போன மாதக் கடைசியில் நிஜ இறக்கைக்குச் சோதனை, எஸ்ஸெக்ஸில் ஒரு விவசாயியின் கொட்டகையில். விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உடலைத் தாங்கியில் கட்டிவிட்டு, இறக்கைமேல் மணல் மூட்டை அடுக்குவது. காற்று மேலே தள்ளுவதை மணல் கீழே அழுத்திக் காட்டுகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்தம் 500 கிலோ, அதில் இரண்டு இறக்கையும் 80. இறக்கை தன் எடையைத் தானே சுமப்பதால் வேரில், அதாவது இறக்கை உடலோடு சேருமிடத்தில், வரும் பாரம் மிச்சமுள்ள 420க்குத்தான்: 420ஐ 3.8ஆல் பெருக்கினால் 1,596. கவிழ்த்து வைத்த இறக்கையின் 80 கிலோ ஏற்கெனவே கீழே அழுத்துகிறது, அதைக் கழித்தால் 1,516. பக்கத்துக்கு 758 கிலோ, பத்துக் கிலோ மூட்டையில் 76. பரவலாக ஒரே மாதிரி அடுக்கக் கூடாது. வேரில் அதிகம், நுனியில் குறைவு: அரை மீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு 11, 11, 10, 10, 10, 9, 8, 7. மூட்டையின் நடு, முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி விழ வேண்டும். பின்னால் நகர்ந்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், அது வேறு சோதனை ஆகிவிடும்.

மூட்டையில் இரண்டு தொல்லை. ஈர மணல் ராத்திரியில் உறைந்து கல்லாகிவிட்டது. உறைந்த மூட்டை இறக்கையின் வளைவுக்குப் படியாமல் இரண்டு முனையில் நின்று குத்தும். காய்ந்த மணலாக மாற்றி, ஒவ்வொரு மூட்டையையும் மறுபடி எடை போட்டோம். இரண்டாவது, இறக்கை வளைய வளைய மூட்டைகள் ஒன்றோடொன்று முட்டி வளைவுக்கட்டு மாதிரி தாங்கிக்கொள்ளும். பாரம் இறக்கைக்கு வராமலே வந்ததுபோலத் தெரியும். அதனால் வரிசைக்கு வரிசை இடைவெளி விட வேண்டும்.

நுனிக்கு அடியில் ஜாக்கி வைத்து, இரண்டு பக்கமும் சமமாக ஏற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கி அளவு எடுத்தோம். முதலில் 60 சதவீதம் ஏற்றி இறக்கியாயிற்று. போல்ட்டும் அது நுழையும் உலோகக் குழலான புஷ்ஷும் தன் இடத்தில் உட்காரட்டும் என்று அப்படி. பிறகு பூஜ்யத்தை மறுபடி குறித்துக்கொண்டு 40, 60, 80, 100. முழுப் பாரத்தில் நுனி 118 மி.மீ. தாழ்ந்தது. 80 சதவீதத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். பார்த்தால் தாங்கிக்கு அடியில் வைத்த பலகை பிளந்திருந்தது. தாங்கி இறங்கினால் நுனியின் அளவும் பொய்யாகும். அதற்காகத்தான் வேரிலும் ஒரு அளவுகோல் வைத்துக் கழிப்பது. மூட்டையெல்லாம் எடுத்த பிறகு 3 மி.மீ. மிச்சம் இருந்தது, அரை மணி கழித்து 1. இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு உள்ளே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்த இன்ஸ்பெக்டர்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். இங்கே லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம், 1946ல் வேறு பெயரில் தொடங்கியது. கட்டும் வேலையை அதில் பதிவு செய்ய வேண்டும். வரைபடம், கணக்கு, சோதனை அறிக்கை எல்லாம் அவர்களின் எஞ்சினியர்கள் பார்ப்பார்கள். துணி போர்த்தி மூடுவதற்கு முன்பு இன்ஸ்பெக்டர் உள்ளே பார்த்தாக வேண்டும். பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சுருக்கி இழுப்பது அதற்கப்புறம்தான். பெட்டியின் சூட்டைத் தெர்மாமீட்டரால் அளந்து குறித்து, 120 டிகிரியில் ஆரம்பித்துப் படிப்படியாக 175 வரை போவார்கள். கைப்பிடியிலிருந்து வால்வரை போகிற கட்டுப்பாட்டுக் கம்பிகளை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று புரிக்கு மேல் தெரியக் கூடாது. பூட்டுக் கம்பி கட்டாயம்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. எஞ்சின் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும். டாங்கியிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் அதற்கு ஒன்றரைப் பங்கு இருக்க வேண்டும். மூக்கைத் தூக்கி வைத்து, குழாயைக் கழற்றி, பத்து நிமிஷத்தில் 5 லிட்டர் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எடை. மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு. காலி எடை 300, வாலில் 15 காட்டினால் எடை மையம் முன்விளிம்பிலிருந்து 350 மி.மீ.யில் விழும். அது சரியான இடம். வாலில் ஒரு கிலோ கூடினால் பன்னிரண்டு, பதின்மூன்று மி.மீ. பின்னால் போய்விடும். வாலுக்குப் பெயிண்டை மெல்லிசாக அடிப்பது அதனால்தான். இதெல்லாம் முடிந்தால் முதலில் சோதனைப் பறப்புக்கு மட்டும் அனுமதி. அதன் அறிக்கையைப் பார்த்துத்தான் பறக்கும் அனுமதி. அப்போதும் இந்த விமானம் சர்வதேச விதிப்படி சான்று பெற்றதல்ல என்று உட்காருபவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்ட வேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது, அப்பா. ஏறுகிறவனிடம் எதையும் மறைக்கவில்லை.

இறக்கை வேரில் போகும் புஷ்களை நான்தான் கடைந்தேன். உள்ளே 10 மி.மீ., டிரில்லோடு விடாமல் ரீமர் போட்டது. டிரில் ஓட்டை கோணலாக இருந்தால் நாலு போல்ட்டில் ஒன்றே பாரம் முழுக்க வாங்கும். கீத்திடம் இருப்பது மேஜைமேல் வைக்கிற சின்ன லேத். கூலன்ட்டை ஊற்றினேன். சுட்ட இரும்பில் அந்த வெள்ளைத் தண்ணீர் பட்டு எழுந்த வாசனையில் மெஷினை நிறுத்திவிட்டேன். நம் பட்டறை வாசலில், சாயங்காலம் நீங்கள் கை கழுவப் போகிற நேரம் அப்படியே வந்து நின்றது. அதற்கப்புறம்தான் உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

லேத்தை விற்க வேண்டாம். சித்தப்பா பாகம் பிரிக்கச் சொல்வது நியாயம்தான், ஆனால் செல்வி கல்யாணச் செலவுக்கு என்று லேத்தைக் கொடுத்துவிட்டால் உங்கள் கைக்கு என்ன வேலை? போன மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன். பாங்கில் ஒரு சின்னத் தாமதம், வேறொன்றுமில்லை. ஏப்ரலில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அதுவரை நகைக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டுங்கள், அசலைத் தொட வேண்டாம்.

பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணபதியில் இருக்கும் நம் இடத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கிறதா என்று முருகேசண்ணன் தாலுகா ஆபீஸில் கேட்டுச் சொல்லட்டும். பத்திர எழுத்தர் எழுதியதை நீங்கள் ஒரு தடவை, முருகேசண்ணன் தனியாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். பட்டறைக்குப் போகும் பொதுத்தடம் எத்தனை அடி என்று அதில் எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். லாரி திரும்பப் பன்னிரண்டு அடியாவது வேண்டும், சித்தப்பா பத்து என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செல்விக்குப் பார்த்திருக்கும் பையன் வீட்டார் ஆவணியில் நாள் கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். நான் லீவு சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
சிவா