நிவாரண முகாமில் நாய்க்கும் பூனைக்கும் இடம் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நிவாரண முகாம், படகு, மோட்டார் பம்பு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறீர்கள். அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்: வளர்ப்புப் பிராணியோடு வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முகாம், மண்டலத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு அம்மா தனியாக இருப்பவர், சர்க்கரை நோயாளி. படகு வாசலுக்கே வந்தும் அவர் ஏறவில்லை. காய்கறிக் கூடை ஒன்றின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, கயிற்றால் கட்டி, உள்ளே பூனையை வைத்திருந்தார். "முகாமில் இதை உள்ளே விடுவார்களா தம்பி?" என்று கேட்டார். படகில் வந்த பையன்களுக்குப் பதில் தெரியவில்லை. மொட்டைமாடிப் படிக்கட்டிலேயே இரவைக் கழித்தார்.

இப்படி வர மறுப்பவர்கள் எங்கும் உண்டு. 2005இல் கத்ரீனா புயலின்போது நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் நியூ ஆர்லியன்ஸில் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். மறு வருடமே அமெரிக்காவில், மக்களை வெளியேற்றும் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கச் சொல்லிச் சட்டம் வந்தது. பிராணியைக் காப்பாற்ற வழி செய்தால் மனிதர்களும் கிளம்பி வருவார்கள்.

நம்மிடம் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. செல்லப்பிராணி உரிமத்துக்காக எந்த வீட்டில் என்ன வளர்க்கிறார்கள், தடுப்பூசி போட்டாயிற்றா என்றெல்லாம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்த விவரம் மழைக்காலத்தில் மண்டல அலுவலகத்தின் கையில் இருக்கட்டும். மாநகராட்சியின் உதவி எண்ணான 1913க்கு அழைப்பவரிடம் "வீட்டில் பிராணி ஏதும் உண்டா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்.

இடத்துக்குப் பெரிய செலவில்லை. பள்ளியில் மேற்கூரையுள்ள சைக்கிள் ஷெட் போதும். நாய்கள் ஒரு பக்கம், அவை கண்ணில் படாத இடத்தில் பூனைகள். பயந்த நாய் கடிக்கும், அதனால் வாய்க்கூடு வேண்டும். வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் மருத்துவர் ஒருவர் வந்து பார்ப்பதும் அவசியம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் இப்போதே பேசி வைக்கலாம். அப்புறம், வார்டு ஆட்டோ அறிவிப்பில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்: வீட்டைவிட்டுக் கிளம்பினால் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் ஏறும்போது கட்டிய நாய்க்குத் தப்ப வழியே கிடையாது.

எந்தப் பள்ளி என்பதை அக்டோபர் பிறப்பதற்குள் அறிவித்துவிடுங்கள். தண்ணீர் வந்தபின் விசாரிக்க, முக்கால்வாசிப் பேரின் செல்போனில் சார்ஜ் இருக்காது.

இப்படிக்கு,
வேளச்சேரிவாசி ஒருவர்