முருங்கைக்கீரை எங்களுக்குப் புதுசு இல்லைங்க ஐயா

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல எங்க ஊர்ப் பக்கம் நடந்த ஆரோக்கிய உணவு முகாம் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா போட்டோவுக்குக் கீழ "முருங்கைக்கீரை சூப்பை முதன்முறையாக ருசித்த கிராமத்துப் பெண்கள்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. அந்தப் போட்டோவுல எடப்பக்கத்துலேர்ந்து ரெண்டாவதா டம்ளரோட நிக்கிறது நாந்தான். அந்தக் கீரையே எங்க கொல்லையில இருந்து போனது. முந்தின நாள் பொழுது சாயவே ஒடிச்சு பழைய வேட்டித் துணியில இறுக்கிச் சுத்தி வச்சு காலையில உதறுனா எல தனியா, ஈர்க்கு தனியா வந்துரும், அப்படித்தான் கொண்டு போனேன். முகாம் நடத்த வந்த காலேஜ் பிள்ளைக கூட "எப்படி பாட்டி ஒரு ஈர்க்கு கூட இல்ல"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாக. அந்தப் பிள்ளைக மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எழுதுனவுக எங்கள்ல ஒருத்தரக் கூடக் கேக்கல, அதான்.

நான் 1984லேர்ந்து 2017 வரைக்கும் சத்துணவு அமைப்பாளரா இருந்தவ. எம்ஜிஆர் 1982ல திட்டம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல வேலைக்குச் சேந்தேன். பள்ளிக்கூட சமையக்கட்டுக்குப் பின்னால அரிசி களைஞ்ச தண்ணி ஓடுற எடத்துல ரெண்டு முருங்கை, ஒரு கறிவேப்பில, ஒரு பப்பாளி எல்லாம் நான் வச்சது. தட்டு ஓரத்துல கீரைய ஒதுக்கி வைக்கிற பயலுகளுக்காக பருப்போட சேத்து மசிச்சு சாம்பார்ல விட்டோம், ஆயாம்மாவும் நானும். எந்த சர்க்குலரும் அப்படிச் செய்யச் சொல்லல. நான் ரிட்டயர் ஆன மறு வருஷம் காம்பவுண்டு செவுரு கட்டணும்னு ரெண்டு முருங்கையையும் வெட்டிட்டாக. அன்னிக்கும் உங்க பத்திரிகைக்கு ஒரு கடுதாசி போட்டேங்க ஐயா, வரல. இப்ப அதே பள்ளிக்கூட வாசல்ல அஞ்சு ரூபா நொறுக்குத்தீனி பாக்கெட்ட சரஞ்சரமா தொங்க விட்டிருக்கு, பிள்ளைக காலைல அதத் தின்னுட்டுத்தான் உள்ள போகுது. முகாம் அதே தெருவுலதான் நடந்துச்சு, அதப் பத்தி ஒரு வரி இல்ல.

இன்னொன்னு, "எண்ணெயும் காரமும் மிகுந்த செட்டிநாட்டுச் சமையல்"னு எழுதியிருந்தாக. ஐயா, அது ஓட்டல் சமையல். எங்க ஆத்தா கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுல இருபது வருஷம் சமையலுக்கு இருந்தாக. அங்க நித்தம் கோழியும் கறியுமா வெந்துச்சு? இளங்குழம்பு, கீரை மசியல், கத்திரிக்கா கோசுமல்லி, மண்டி, இதுதான் அன்னாடம். மண்டிக்கு அரிசி களையிற மொதத் தண்ணியக் கொட்டிட்டு ரெண்டாந் தண்ணியிலதான் புளி கரைக்கணும், சின்ன வெங்காயம் பூண்டு பச்சமிளகாய் வெண்டிக்காய் மொச்சையோட கொதிச்சு வர்றப்பவே அந்தத் தண்ணியில கொழம்பு தானா கெட்டியாயிரும், தாளிக்க ஒரு கரண்டி நல்லெண்ண போதும். பொடி கிடையாது, தேங்கா அரைக்கிறது கிடையாது. செட்டிநாடுன்னு போர்டு மாட்டி செவப்புக் கலர்ப்பொடி கலக்குறவுக செஞ்ச பாவத்த எங்க அடுப்புல ஏத்தாதீங்க. உங்க சமையல் பகுதியிலயே போன தீவாளிக்கு செட்டிநாட்டுக் குருமான்னு முந்திரியும் க்ரீமும் ஊத்தி ஒண்ணு வந்துச்சு, அப்பவே எழுதணும்னு நெனச்சேன்.

கவுனி அரிசிய, அதான் அந்தக் கருப்பு அரிசிய, "புதிய சூப்பர் உணவு"ன்னு எழுதியிருந்ததும் எனக்கு ஒப்பல. பர்மாவுக்குப் போன செட்டியாருக கொண்டாந்த அரிசின்னு சின்னப்பிள்ளையிலேர்ந்து கேட்டு வளந்தோம். ராத்திரியே ஊறப்போட்டு வேகவச்சு சீனியும் தேங்காப்பூவும் நெய்யும் போட்டுக் கெளறி, கல்யாண வீட்டுல எலைல மொத ஓரத்துல வப்பாக. இப்ப காரைக்குடிக் கடைல அரை கிலோ பாக்கெட்டு 140 ரூபா சொல்றான். எனக்கு வர்ற சின்னப் பென்ஷன்ல நான் அத வாங்கித் திங்க முடியுமா? உள்ளூர் உணவு, உள்ளூர் உணவுன்னு மேடையில பேசுறாக, எங்க கம்மாயில சீமக்கருவ மண்டிக் கெடக்கு, கேப்பையும் வரகும் வெளஞ்ச புஞ்சையில கல்லு ஊண்டி பிளாட்டு போட்டாச்சு. வெளையிற எடம் போனப்பறம் உள்ளூர் சாமான் எங்கேர்ந்து வரும்? இத முகாமுல மைக்கு குடுத்தா சொல்லியிருப்பேன், குடுக்கல.

வந்த பொம்பளைகளும் பதினஞ்சு பேருதான். பகல் பதினோரு மணிக்கு வச்சா நூறு நாள் வேலைக்குப் போனவ எப்படி வருவா, அவ வீட்டுப் பிள்ளைதான ஐயா அந்த பாக்கெட்டத் திங்குது. அதுக்கு உங்க நிருபர் எழுதுனது "கிராம மக்களிடம் ஆர்வம் குறைவு".

நான் கேக்குறது ரெண்டே ரெண்டுதான். அந்தப் போட்டோவ மறுபடியும் போட வேணாம், கீழ இருந்த வரி தப்புன்னு வர்ற ஞாயித்துக்கெழம ஒரு வரி போடுங்க. அடுத்த முகாமு சாக்கோட்டைப் பக்கம்னு சொல்லிக்கிறாக, நிசம்னா தேதியும் நேரமும் ரெண்டு நாள் முன்னால உங்க பத்திரிகைல வரட்டும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வைக்கச் சொல்லியும் எழுதுங்க. கீரை நான் கொண்டு வாரேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
புதுவயல் அருகில், சிவகங்கை மாவட்டம்.