அக்காவைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

தினமும் அப்பாவைப் பற்றியே கேட்கிறாய். அப்பா பரவாயில்லை, கஞ்சி இறங்குகிறது, வலது கை கொஞ்சம் அசைகிறது. நான் எழுதுவது அக்காவைப் பற்றி. போனில் பேசினால் அவள் காதில் விழும்.

படுக்கைப்புண் வராமல் இருக்க அப்பாவை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரியும் அதே கணக்குதான். என் மூட்டுவலிக்கு அவரைப் புரட்ட முடியாது. அவள்தான் அலாரம் வைத்து எழும்புகிறாள். இப்போதெல்லாம் அலாரம் அடிக்கும் முன்பே விழித்துக் கிடக்கிறாள். போன வாரம் அப்பா கஞ்சியைத் துப்பிவிட்டார். கரண்டியைத் தட்டில் ஓங்கிப் போட்டாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் துவர்த்தை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். பாசம் இல்லாதவள் ராத்திரி முழுக்க விழித்திருப்பாளா? உடம்பு ஓய்ந்தால் கோபம் முந்திக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடப் போவதை நிறுத்திவிட்டாள். மார்த்தாண்டத்துக் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவளுடைய பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. அப்பாவுக்கு ஒரு வேளை மருந்து தப்பாது!

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் முதலில் கவனித்தார். "நீங்க எப்ப தூங்குறீங்க?" என்று கேட்டார். இவள் சிரித்து மழுப்பினாள். அவர் 14416 என்ற எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டுப் போனார். டெலி மனஸ் என்று பெயர், மனசு சோர்ந்தவர்கள் பேசுவதற்கான அரசு உதவி எண். எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். "எனக்கு என்ன கிறுக்கா?" என்கிறாள். கிறுக்கு பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

நீ பணம் அனுப்புவதில் குறை இல்லை. அதில் வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது ஒரு ஹோம் நர்ஸ் வைக்கலாம். நம்ம ஊரில் நர்சிங் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில்தான், ஆனாலும் தேடினால் ஆள் கிடைக்கும். அத்தானும் தேடிப் பார்க்கிறேன் என்கிறார். அப்புறம், அப்பாவுக்கு அதைக் கொடு, இதைக் கொடு என்று வாட்ஸ்அப்பில் அவளுக்கு வீடியோ அனுப்புவதை நிறுத்து. ஒவ்வொன்றும் அவளுக்கு இன்னொரு வேலை. "சாப்பிட்டியா அக்கா?" என்று கேட்டாலே போதும்.

லீவு போட்டு வா. திருவனந்தபுரத்துக்கு அழைக்க யாரும் வர வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடு. விருந்துக்காரனாக உட்கார்ந்து மீன்குழம்பு கேட்காதே. பெட்ஷீட்டைப் பிடித்து அப்பாவை எப்படித் திருப்புவது என்று அக்காவிடமே படித்துக்கொள். வந்த முதல் ராத்திரியே அலாரத்தை உன் போனில் வை.

அம்மா