ஏணியில் எந்தப் படி?

எஸ்போ, பின்லாந்து
30.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். "உலகிலேயே மகிழ்ச்சியான நாட்டில் இருக்கிறாயாமே, பிறகு ஏனம்மா குரல் கம்மியிருக்கிறது?" என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். பேத்தி அழுததால் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

நீங்கள் செய்தித்தாளில் படித்தது சரிதான். 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில், தொடர்ந்து எட்டாவது ஆண்டாகப் பின்லாந்துக்கு முதலிடம். 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118. ஆனால் யார் அதிகம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து இடம் கொடுப்பதில்லை, அப்பா. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உச்சிப் படி 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடியில் 0, மிக மோசமானது. இன்று நீங்கள் நிற்பது எந்தப் படி? இதுதான் கேள்வி. மூன்றாண்டுப் பதில்களின் சராசரி இங்கே 7.7, நம் நாட்டில் 4.4.

சிரிப்பைக் கணக்கிட்டால் நம் தெருமுனை டீக்கடையே ஜெயித்துவிடும். இங்கே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் பலர் நின்றுகொண்டேதான் வருவார்கள்.

பிப்ரவரியில் பேத்தியின் சிவப்புக் கையுறை ஒன்று வழியில் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால், பஸ் நிறுத்தத்துக்கு அருகே ஒரு வேலிக் குச்சியில் செருகியிருந்தது. விரல்கள் மேல்நோக்கி, அதன்மேல் விரற்கடை அளவு பனி. யாரோ குனிந்து எடுத்து, தேடி வருபவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள்; ஒருவரும் தொடவில்லை. இங்கே ஏழு வயதுப் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். முன்பின் தெரியாதவர்மேல் இவர்களுக்கு இருக்கும் நம்பிக்கைதான் அந்த 7.7க்குப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, பயமின்மை. 2019இல் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். நீங்கள் அடகுக்கடை ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றீர்கள். அதை நான் பார்த்தேன். இங்கே என் பிரசவத்துக்குக் கட்டியது சில நாள் படுக்கைக் கட்டணம் மட்டுமே. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போகிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு முதலில் அதில் வருத்தம்தான். குழந்தை பிறந்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இவ்வளவு இருந்தும் குரல் ஏன் கம்மியது? டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறோம். அதுகூடப் பழகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்ட ஆளில்லாததுதான் பழகவில்லை. இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் ஒருவர்தான் வசிக்கிறார். சேர்ந்து உண்பவர்கள் தங்கள் வாழ்க்கையை உயர்வாக மதிப்பிடுகிறார்கள் என்று இந்த ஆண்டு அறிக்கையே சொல்கிறது. அதைப் படித்ததும், நம் முற்றத்தில் அம்மா உருட்டிப் போட, சித்தப்பா பிள்ளைகளோடு கை நீட்டி வாங்கித் தின்ற நிலாச்சோறுதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

என்னைக் கேட்டால் ஏழாம் படி என்பேன். நிம்மதியால் ஏறிய படிகள் அவை. மேலே உள்ள மூன்றும் அங்கே உங்களிடம் இருக்கின்றன.

ஜூனில் வருகிறோம். அதற்குள் நீங்கள் எந்தப் படி என்று எழுதுங்கள். அம்மாவின் படியை அம்மாவே சொல்லட்டும். நீங்களாக ஓர் எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

அன்பு மகள்