பாய்மரப் படகு ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கடனுதவி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஏரிப் படகோட்டி ஒருவரின் மகள்,
நாயுடுபுரம், கொடைக்கானல்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: வணிகப் பாய்மரப் படகு ஓட்டும் உரிமம் – புதுப்பிக்கும் செலவுக்குக் கடனுதவி மற்றும் கடல் தொழிலுக்குக் கரையிலேயே படிக்கும் பாடங்களுக்குக் கொடைக்கானலில் வகுப்பு – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பாய்மரப் படகில் தலைமை மாலுமியாக வேலை பார்க்கிறேன். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் ‘தண்டல்’ என்று சொல்வார்களே, அந்த வேலை. சுற்றுலாப் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் பாய்ப்படகுகளை நவம்பர் முதல் ஏப்ரல் வரை தாய்லாந்தின் புக்கெட் கடலில் ஓட்டுகிறேன். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஊருக்கு வந்துவிடுவேன்.

மலையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. என் அப்பா முப்பது ஆண்டுகள் கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்டவர். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரி அது. ஓர் ஆட்சியர் கொடுத்த தண்ணீரில்தான் நான் தொழில் பழகினேன். தண்ணீர்மேல் கருப்பாக ஒரு சுருக்கம் ஓடிவருவதைக் காட்டி, காற்று நம்மைத் தொட இன்னும் எத்தனை நொடி என்று அப்பா என்னைச் சொல்லச் சொல்வார். பாயை எப்போது சுருக்க வேண்டும் என்பதை இன்றைக்கும் அப்படித்தான் கணிக்கிறேன்.

உரிமம் எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொன்னால்தான் என் கோரிக்கை தங்களுக்கு விளங்கும். நான் வைத்திருப்பது பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் தரும் ‘யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்’ சான்று. தேர்வுக்கு உட்காரும் முன்பே 50 நாள் கடல் அனுபவமும் 2,500 கடல் மைல் பயணமும் கணக்கில் இருக்க வேண்டும். அதில் 60 கடல் மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் வேண்டும். அவற்றில் இரண்டு பயணங்கள் இரவிலும் தொடர்ந்தவையாகவும், இரண்டு பயணங்கள் நாமே தலைமையேற்றவையாகவும் இருக்க வேண்டும். ரேடியோ இயக்கும் சான்றும் முதலுதவிச் சான்றும் தனி. தேர்வு கடலிலேயே நடக்கும். ஒருவர் மட்டும் எழுதினால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். ஏரியில் நான் துடுப்புப் போட்ட ஒரு நாள்கூட இந்தக் கணக்கில் சேராது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஏரி வேறு கடல் வேறு.

அந்தச் சான்று மட்டும் இருந்தால் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. மருத்துவத் தகுதி, கடலில் உயிர்காக்கும் பயிற்சி, தொழில் பொறுப்புகள் பற்றிய பாடம் எல்லாம் முடித்தால்தான் ‘கமர்ஷியல் எண்டார்ஸ்மென்ட்’ என்ற அனுமதி கிடைக்கும். அது இருந்தால் 24 மீட்டருக்கு உட்பட்ட படகை, பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 150 கடல் மைல் வரை கொண்டு போகலாம். இதுவரைக்கும் நகையை அடகு வைத்தும் உறவினரிடம் கைமாற்று வாங்கியும் எப்படியோ வந்துவிட்டேன்.

நான் தடுமாறியது புதுப்பிக்கும்போதுதான், ஐயா. தேர்வில் வாங்கிய சான்று ஆயுளுக்கும் செல்லும். சம்பளத்துக்கு ஓட்டும் அனுமதி ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். புதுப்பிக்க வேண்டுமானால், முந்தைய ஐந்து ஆண்டில் 150 நாள் கடலில் வேலை பார்த்த கணக்கைக் காட்ட வேண்டும். மருத்துவச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். என் மருத்துவச் சான்றுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. முதலுதவிக்கு மூன்று. படகு முதலாளிகள் கேட்கும் தீயணைப்பு, உயிர்காப்பு மறுபயிற்சி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் முடியும். துறைமுக நகரத்தில் வீடு இருப்பவர் இரண்டு நாள் லீவு போட்டு முடித்துவிடுவார். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் மலையிறங்கி, ராத்திரி ரயிலேறி, சென்னையில் அறையெடுத்துத் தங்க வேண்டும். பல நேரம் பயிற்சிக் கட்டணத்தைவிடத் தங்கும் செலவு அதிகமாகிவிடுகிறது.

என் அனுமதி 2024-இல் முடிந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் படகுகள் கட்டிக் கிடந்தன. அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் ஒரு சீசன் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். பதிவேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் 131 நாள். மீதி 19 நாளுக்காக, ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஒரு படகில் சம்பளம் இல்லாமல் வேலைக்கு ஏறினேன். நாள் நிறைந்தது. ஆனால் அதற்குள் மருத்துவச் சான்று காலாவதியாகிவிட்டது. அதற்கும் மறுபயிற்சிக்கும் பணம் புரட்டுவதற்குள் நவம்பர் வந்துவிட்டது. என் படகை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். ஆறு மாதச் சம்பளம் எனக்கு இல்லாமல் போனது.

அந்த நேரத்தில் ஒரு வங்கிக் கிளையில் 85,000 ரூபாய் கடன் கேட்டேன். இது பட்டப்படிப்பு இல்லை, கல்விக் கடனில் வராது என்றார்கள். திறன் பயிற்சி உதவி கேட்டு இன்னொரு மேசைக்குப் போனால், உங்களிடம்தான் தொழில் இருக்கிறதே, இது புதிதாகக் கற்பவர்களுக்கு என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் சம்பளத்துக்கு ஓட்டும் அனுமதி காலாவதியாகிவிட்டால் என்னிடம் தொழிலே இல்லை என்பதை என்னால் அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

வெளிநாட்டு அமைப்பின் விதியைத் தாங்கள் மாற்ற முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. தங்கள் தலைமையில் நடக்கும் வங்கியாளர் ஆலோசனைக் கூட்டத்தில் இந்தப் பொருளை வைத்து, செல்லத்தக்க கடல்சார் சான்று வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்கச் சிறு கடன் பெற வழி செய்யும்படி முன்னோடி வங்கி மேலாளருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். மானியம் வேண்டாம். சீசன் முடிந்து சம்பளம் கைக்கு வந்ததும், மே மாதம் முதல் தவணை கட்டும்படி இருந்தால் போதும். காலாவதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கவும் வழி வேண்டும். தேதி தாண்டிய பிறகு கிடைக்கிற பணத்தால் அந்த சீசனைக் காப்பாற்ற முடியாது.

பாய்ப்படகுக்கு மட்டும் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தியக் கப்பல்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இண்டோஸ் என்ற மாலுமிப் பதிவு எண், சி.டி.சி. என்ற மாலுமிப் பணிப்பதிவுப் புத்தகம் என்று வேறு வழி இருக்கிறது. அவர்களுக்கும் பயிற்சி, மறுபயிற்சி, மருத்துவச் சான்று எல்லாம் உண்டு. எந்தத் தாள் எதற்கு என்று தெரியாமல் ஏஜென்டிடம் பணத்தைக் கட்டி ஏமாந்த பையன்கள் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதனால்தான் இன்னொன்றும் கேட்கிறேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை, வாரம் இரண்டு மாலை, கொடைக்கானலில் ஓர் அரசுப் பள்ளி அறையைத் தந்தால் கரையிலேயே படிக்கக்கூடிய பாடங்களைக் கட்டணம் வாங்காமல் சொல்லித் தருகிறேன். கடல் வரைபடம் பார்ப்பது, கடல் ஏற்ற இறக்கமான ஓதத்தின் கணக்கு, கடலில் கப்பல்கள் மோதாமலிருக்க 1972-ஆம் ஆண்டில் வகுத்த சர்வதேச விதிகள், ரேடியோவில் பேசும் முறை, இவையெல்லாம் மலையிலிருந்தே படிக்க முடியும். இரண்டு பாய்ப்படகுகள் எதிரெதிரே வந்தால், இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுதான் ஒதுங்க வேண்டும். பாய் விரித்திருந்தாலும் எஞ்சின் விசையிலும் படகு நகர்ந்தால் அது இயந்திரப் படகாகவே கணக்காகும். இதையெல்லாம் கடலில் போய்க் கற்றுக்கொள்ள நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். நான் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் இல்லை. என் வகுப்பில் சான்றிதழ் கிடைக்காது. அதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். ஆனால் பின்னால் தேர்வுக்குக் கட்டுகிற பணம் வீணாகாமல் இருக்கும், எந்தச் சான்று எப்போது காலாவதியாகும் என்பதும் தெரிந்திருக்கும். வரைபடத்தை மடிக்காமல் விரிக்கிற அளவுக்குப் பெரிய மேசை நான்கு இருந்தால் போதும்.

என் கடல் பதிவேட்டின் நகல், காலாவதியான அனுமதி, அதன்பின் புதுப்பித்த அனுமதி, செலவுக் கணக்கு ஆகியவற்றை இணைத்துள்ளேன். அக்டோபர் இறுதி வரை ஊரில் இருப்பேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலோ வேறு நாளிலோ அழைத்தால், மூலப் பதிவேடுகளோடு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: கொடைக்கானல்