ஒரே கோப்பையில் சோறு வைத்தவனின் நன்றி மடல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டிப் பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு நன்றி நவிலல் வரும். நேரில் வந்தோருக்கும், தொலைபேசியில் ஆறுதல் கூறியோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் ஒட்டியோருக்கும் என்று அது நீளும். இன்றைக்குச் சாம்பலன் போய் 31 நாள். பூனைக்கு அந்தியேட்டி கிடையாது. பத்திரிகையில் கட்டம் போட்டால் ஊர் சிரிக்கும், என் ஓய்வூதியமும் சிரிக்கும். ஆனால் பட்ட கடன் மனிதச் சாவுக்குப் பட்டதைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, ஒன்றைத் தெரிந்தும் என் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டவர்களுக்கு.

2019ஆம் ஆண்டு மாரிமழையில் எங்கள் கொக்குவில் வீட்டுக் கிணற்றடியில் மூன்று குட்டிகள் கிடந்தன. சாம்பலன், கறுப்பி, குஞ்சன். ஒரு பழைய அலுமினியக் கோப்பையில் மூன்றுக்கும் சேர்த்துத்தான் சோறும் மீனும் பிசைந்து வைப்பேன். மூன்று தலையும் முட்டி மோதித் தின்னும். தின்று முடித்து ஒன்றின் முகத்தை மற்றொன்று நக்கித் துடைத்துவிடும். விறாந்தையில் கதிரை போட்டு அமர்ந்து, படலையால் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்கள், உடன்பிறப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று காட்டியவன் நான். காணிச் சண்டையில் தமையனோடு பேசாதிருந்த அயலவர் ஒருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் அன்றைக்கே என்னை மன்னித்துவிட்டார் என நம்புகிறேன்.

சாம்பலனைக் கொண்டுபோனது பூனைகளின் லியுக்கேமியா வைரஸ், ஊர் இரத்தப்புற்று என்று சொல்வது. அது பெரும்பாலும் உமிழ்நீரிலேதான் போகிறது. நக்குவதில் போகும், ஒரே கோப்பையில் தின்பதில் போகும், கடிபட்ட காயத்தில் போகும். உடம்புக்கு வெளியே அது சில மணி நேரம்கூடத் தாங்காது. காய்ந்தால் செத்துப்போகும், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் செத்துப்போகும். மூன்று கோப்பை வாங்கிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருந்தால் ஒருவேளை... அந்த "ஒருவேளை"யை என் தலையில் யாரும் போடவில்லை. எங்கள் மிருக வைத்தியர் மட்டும், நான் கேட்காமலே, "தாய்ப் பூனையிடமிருந்தே குட்டிகளுக்கு வந்திருக்கலாம் ஐயா" என்றார். அது மருத்துவ உண்மை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதை மருத்துவமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

2021ஆம் ஆண்டின் கடைசியில் சாம்பலன் சோர்ந்து படுத்தான். வேறு ஓர் இடத்துக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். தொட்டும் பார்க்காமல், "ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்றார்கள். கூடையோடு திரும்பிவிட்டேன். அடுத்து எங்கள் வைத்தியர். அவர் முதலில் செய்தது உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல்லீறைப் பார்த்ததுதான். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

இனி, பெயர் தெரியாத ஒருவருக்கு நன்றி. கொழும்பு வெள்ளவத்தைக்குப் போகும் இரவுப் பஸ் ஒன்றின் நடத்துநர் அவர். முருங்கைக்காய், மிளகாய்த்தூள், பனங்கட்டி, கலியாணச் சேலை எல்லாம் அந்தப் பஸ்களில்தான் போகும் என்பது உலகறிந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலுக்குள் ஐஸ் நிரப்பி அதற்குள் மூன்று இரத்தக் குழாய்களை வைத்து நீட்டினேன். "என்ன சாமான்?" என்று கேட்டார். "பூனை இரத்தம்." ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு தன் இருக்கைக்குக் கீழே இருந்த யாரோ ஒருவரின் கருவாட்டுப் பொதியைத் தள்ளிவிட்டுப் போத்தலை அங்கே வைத்தார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விடியப்புறம் அழைத்து, "கொடுத்துவிட்டேன் ஐயா, ஐஸ் இன்னும் கரையவில்லை" என்றார். காசு வாங்கவில்லை. தபாலதிபராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பொதி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது என்று ஒருவர் அழைத்துச் சொல்வதன் பெறுமதி எனக்குத் தெரியும்.

சாம்பலனுக்கும் கறுப்பிக்கும் நோய் உண்டு, குஞ்சனுக்கு இல்லை என்று வந்தது. முதற் சோதனையே முடிவு என்று எடுக்க வேண்டாம் என்றார் வைத்தியர். சில பூனைகளின் உடம்பு வைரஸை அடக்கி, இரத்தத்தில் தெரியாதபடி செய்துவிடுமாம். சிலவற்றின் உடம்பு முதலிலேயே அதை விரட்டிவிடுமாம். அடக்க முடியாதவற்றில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுக்குள் போய்விடுமாம். சில மாதம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டாமல், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் தனக்குப் படிப்பித்தவரை எனக்கு முன்னாலேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அந்தத் துணிவுக்குத் தனியாக ஒரு நன்றி. மறு சோதனையிலும் அதே முடிவுதான் வந்தது.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். இந்த வைரஸை 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டறிந்தார்களாம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்துப் புற்று வந்ததுதான் அவர்களின் கவனத்தை இழுத்ததாம். அந்த வீட்டிலும் யாரோ ஒருவர் ஒரே கோப்பையில் சோறு வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

குஞ்சனைப் பிரித்தாக வேண்டும். கோண்டாவிலில் வேறு பூனை இல்லாத வீடு ஒன்று, ஓய்வுபெற்ற ரீச்சர். கூட்டிப்போன அன்று அவன் ஓட்டோவில் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ரீச்சர், மாதம் ஒருமுறை நீங்கள் அனுப்பும் படங்களுக்கு நன்றி. ஆனால் அவனுக்கு இவ்வளவு வயிறு தேவையில்லை.

மற்ற இரண்டையும் வெளியே விடக்கூடாது. வெளியே போனால் ஊர்ப் பூனைகளுக்கு நோய் போகும். ஊரிலுள்ள மற்ற நோயெல்லாம் இவற்றுக்கு வரும். எங்கள் கிடுகு வேலியோ, பூனை என்ன, கன்றுக்குட்டியே நுழையக்கூடிய வேலி. பாசையூரில் தொழில் செய்யும் தம்பிமார் இருவர் கழித்துப்போட்ட நைலோன் வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து, ஒரு ஞாயிறு முழுக்க நின்று விறாந்தையை முகட்டிலிருந்து தரைவரை அடைத்துத் தந்தார்கள். மீன் பிடித்த வலைக்குள் பூனையை விட்டால் முதல் வாரம் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கறுப்பி ஒவ்வொரு கண்ணியாக நக்கிப் பார்த்தாள்.

ஒழுங்கையில் பயம் இருந்தது, மறைப்பதற்கில்லை. "இரத்தப்புற்று" என்ற சொல் செய்த வேலை அது. உண்மையில் இது பூனையிலிருந்து பூனைக்குத் தொற்றும் வைரஸ். புற்றைக் கொண்டுவரலாம், அதோடு இரத்தச்சோகையையும் கொண்டுவரும், எதிர்ப்புச் சக்தியை அரித்துச் சின்னக் காய்ச்சலையும் பெரிதாக்கும். மனிதருக்கோ நாய்க்கோ வராது. இதை நான் சொன்னபோது எவரும் நம்பவில்லை. டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, வலைக்கு வெளியே கூடியிருந்த பெண்களிடம் ஐந்து நிமிடம் இதை நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய வேலையில் அது இல்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலையடிக்கு வந்து, "பூனை பார், பூனை பார்" என்று சோறு ஊட்டினாள். தங்கச்சி, உன் பிள்ளை அன்று ஒரு கோப்பைச் சோறு தின்றது. எனக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

இனி, மருந்தகத்தில் வேலை செய்யும் அந்தப் பிள்ளைக்கு. ஓர் இரவு சாம்பலனுக்கு உடம்பு கொதித்தது. நான் போய்ப் பனடோல் (பரசிற்றமோல்) பாணி கேட்டேன். "எத்தனை வயதுப் பிள்ளைக்கு ஐயா?" "பூனைக்கு." அவர் எடுத்த போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, "முதலில் உங்கள் வைத்தியரை அழையுங்கள்" என்று தன் தொலைபேசியையே நீட்டினார். வைத்தியர் மறுமுனையில் கத்தினார். மனிதரின் ஈரல் முறித்துப்போடும் அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் மண்ணிறமாகிவிடும். ஒரு குளிசையே கொன்றுவிடக்கூடும். இரண்டு ஆண்டுக்குமேல் அவன் பிறகு வாழ்ந்தானே, அதில் முதல் நாளைத் தந்தது அந்தப் பிள்ளை. பூனை வளர்ப்பவர்கள் இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் பனடோலை மறக்கவேண்டாம்.

அடுத்தது முன்வீட்டு அம்மம்மா. மீன்குழம்பில் மிஞ்சிய துண்டைச் சோற்றோடு கொண்டுவந்து வலையிடுக்கால் வைப்பார். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஏற்கெனவே இரத்தம் குறைந்த பூனைக்கு அது நஞ்சு என்று சொல்ல வேண்டியிருந்தது. செம்மண்ணில் சின்ன வெங்காயம் விளைவித்தே நான்கு பிள்ளைகளைப் படிப்பித்த மனுஷி அவர். "வெங்காயம் நஞ்சோ?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிரட்டையில் உப்பு, புளி, வெங்காயம் எதுவும் சேராமல் தனியே அவித்த சூடை மீன் வந்தது. அன்றிலிருந்து கடைசிவரை குழம்பு கூட்டுமுன் இரண்டு துண்டு தனியே அவிந்தது. பச்சையாகக் கொடுக்கக்கூடாது என்பதையும் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், தானே கண்டுபிடித்ததுபோல.

2022இன் பொருளாதார நெருக்கடியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லாரும் பட்டதுதான். மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. கலந்து வைத்த நுண்ணுயிர்க்கொல்லிப் பாணி குளிரில் இருக்க வேண்டும். குளிர்சாதனப்பெட்டியோ வெறும் அலுமாரியாகிவிட்டது. மீன்காரத் தம்பி தன் ஐஸ் பெட்டியிலிருந்து தினமும் ஒரு கட்டி உடைத்துத் தந்தார். பிறகு பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் வந்த நாட்களிலும் அந்தக் கட்டி வந்தது. ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் பங்கீட்டு முறை வந்த காலத்தில், "பூனை வைத்தியத்துக்கு" என்று அதில் அரை லீற்றரைப் போத்தலில் ஊற்றி ஒதுக்கிவைத்த ஓட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. அந்தப் போத்தலில் பூனைப் படம் வரைந்திருந்தார். நாய் போலத்தான் இருந்தது.

இரண்டு பூனைகளுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துதந்தவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகக் கூடை பிடித்தவர்கள், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பழைய தொங்குதராசு ஒன்றைத் தேடித்தந்த வியாபாரி, எல்லாருக்கும் நன்றி. அந்தத் தராசில் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டையும் பையில் போட்டு நிறுத்துக் கொப்பியில் எழுதினேன். பொதி நிறுத்த கை. நோய் வெளியே தெரியுமுன் நிறை இறங்கும் என்று வைத்தியர் சொன்னது சரி, சாம்பலனுக்கு 4.2 கிலோ, 3.9, 3.9, 3.5. கடைசியாக எழுதியது 2.6.

ஒரு கோபத்தையும் எழுதிவிடுகிறேன். பூனைக்காரர் என்று பெயர் பரவியதும், இரவில் குட்டிகளைப் பெட்டியில் போட்டு என் படலையடியில் வைத்துவிட்டுப் போனார்கள் சிலர். இந்த நோய் மிக எளிதாகப் பற்றுவது குட்டிகளைத்தான். நோயுள்ள வீட்டு வாசலில் குட்டியை வைப்பதும் கிணற்றில் போடுவதும் ஒன்று. அந்த நான்கு குட்டிகளுக்கும் ஒரே இரவில் வேறு வீடு பார்த்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு என் நன்றி.

நோய் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் சாம்பலன் இருந்தான். கடைசிக் கிழமை கோயில் திருவிழா. ஒலிபெருக்கி ஒன்று நேரே எங்கள் விறாந்தையைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. கேட்கக் கூசிக்கொண்டே கேட்டேன். நிர்வாகத்தார் மறுபேச்சில்லாமல் அதை வயற்பக்கம் திருப்பிவிட்டார்கள். வைத்தியர் மாலையில் வீட்டுக்கே வந்தார். மாதுளையடியில் குழி வெட்டியவர் அந்தக் காணிச் சண்டைக்காரர்தான். கூட மண்வெட்டி பிடித்தவர் அவருடைய தமையன். எப்போது பேசத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் நேரமும் அது இல்லை.

கறுப்பி இருக்கிறாள். அதே நோய், அதே கோப்பை, அதே வலை. முரசு இன்னும் இளஞ்சிவப்பு, போன வெள்ளி 3.4 கிலோ. ஏன் அவன், ஏன் இவள் இல்லை என்று வைத்தியரிடம் கேட்டேன். தோளைத் தட்டிவிட்டு அடுத்த சோதனைக்குத் திகதி எழுதித் தந்தார்.

கடைசியாக, மீன்காரத் தம்பிக்கு ஓர் ஒப்புதல். நீங்கள் இன்னும் படலையடியில் இரண்டு முறை ஹோர்ன் அடித்து, இரண்டு பூனைக்கும் என்று இரண்டு சூடை தருகிறீர்கள். உங்களுக்குச் செய்தி தெரியுமோ தெரியாதோ, என்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. இந்த 31 நாளும் இரண்டாவது சூடையைப் பொரித்துத் தின்றவன் நான்தான்.